ஜூலையில் வந்தவன்

எங்கள் அமெரிக்க ஃபுட்பால் லீக்கில் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. பெரிய வாசல் ஏப்ரலில் திறக்கும். மேடை போடுவார்கள், விளக்குப் போடுவார்கள், பெயர் வாசிக்கப்பட்ட பையன் புதுக் கோட்டுடன் வந்து அணியின் தொப்பியை வாங்கிக்கொள்வான், அவன் அம்மா அழுவாள், நாடே தொலைக்காட்சியில் பார்க்கும். அது டிராஃப்ட், அணிகள் சுற்றுக்கு ஒருவராகக் கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். சின்ன வாசல் ஜூலையில் திறக்கும். அது துணை டிராஃப்ட். ஏப்ரலுக்குப் பிறகு ஏதோ ஒரு காரணத்தால் கல்லூரி அணியில் ஆடும் தகுதியை இழந்த பையன்கள் அதில் வருவார்கள். மேடையும் கிடையாது, தொப்பியும் கிடையாது. 'இவனை இந்தச் சுற்றுக்கு எடுத்துக்கொள்கிறோம்' என்று அணிகள் லீக்குக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். எடுத்தால், அடுத்த ஏப்ரலில் அந்தச் சுற்று அந்த அணிக்கு இல்லை. பல வருடங்களில் ஒருவரும் மின்னஞ்சல் அனுப்புவதில்லை. ஆனால் அனுப்பாமல் இருப்பதற்கு முன் நாங்கள் செய்யும் ஏற்பாடுகளைப் பார்த்தால், சந்திரனுக்கு ஆள் அனுப்பப் போகிறோம் என்று நினைப்பீர்கள்.

நான் ஹெரான்ஸ் அணியின் ஆள் மதிப்பீட்டுத் துறையில் பத்தொன்பது வருடம் குறிப்பெடுத்தவள். ஹெரான் என்றால் கொக்கு. கோப்பைக்காக எங்கள் அணி ஒற்றைக்காலில் நின்று நாற்பத்தொரு வருடமாகிறது. கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் தட்டச்சு செய்வது என் வேலை. ஆட்டப் படங்களை வரிசைப்படுத்தி வைப்பதும் என் வேலைதான். அதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால் அதை வேலை என்று சொல்லலாமா, தெரியவில்லை.

லவெல் கில்லரி எங்களிடம் வந்தது ஒரு ஜூலை முதல் வாரத்தில். வயது இருபத்தொன்று. லூயிசியானாவின் தென்மேற்குக் கோடியில், கடலுக்கும் சதுப்புக்கும் நடுவில் இருக்கும் பெத்தி ஷெனியர்தான் ஊர். முன்னூற்றுப் பன்னிரண்டு பவுண்டு எடை. பந்தெறிபவனுக்கு முன்னால் வரிசையாக நின்று, அவனை யாரும் தொடாமல் தடுக்கும் ஐவரில் ஒருவன். கல்லூரியில் மூன்று வருடம் தடுத்தான். மூன்று வருடத்தில் அவன் பக்கமாக ஒரே ஒருவன்தான் உள்ளே புகுந்து பந்தெறிபவனைச் சாய்த்திருந்தான். அதுவும் மழையில்.

அவன் தகுதி இழந்த கதை இவ்வளவுதான். மண் அறிவியல் படித்துக்கொண்டிருந்தான். மே மாதக் கடைசியில் கல்லூரி அந்தத் துறையை மூடிவிட்டது. மூடிய துறையில் படித்த பாடங்கள் கணக்கில் வராது என்றார்கள். பாடங்கள் குறைந்தால் ஆட முடியாது என்றார்கள். வேறு துறைக்கு மாறுகிறேன் என்று போய் நின்றான். அதற்கான கடைசித் தேதி ஏப்ரலில் முடிந்துவிட்டது என்றார்கள். பெரிய டிராஃப்டும் ஏப்ரலில் முடிந்திருந்தது. மிச்சமிருந்தது ஜூலை வாசல்.

முதல் நாள் அவன் கையை அளந்தார்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒன்பதே முக்கால் அங்குலம். மத்தியானம் இன்னொரு உதவியாளர் அளந்தார். பத்து அங்குலம். தலைமைத் தேர்வாளர் பாம்கார்ட் நாற்பது நிமிடக் கூட்டம் போட்டார்.

"காலையில ஒரு கை, மத்தியானம் ஒரு கை. ஆட்டம் நடக்குறப்ப எந்தக் கையை எடுத்துட்டு வருவான்?" என்று கேட்டார். லவெலைக் கூப்பிட்டார்கள்.

"நீயே சொல்லு. எது உன் உண்மையான கை?"

லவெல் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டும் என்னுதுதான் சார். காலையில வலது கையை அளந்தாங்க, மத்தியானம் இடது கையை அளந்தாங்க."

'ஒப்புக்கொள்கிறான், ஆனால் பழியை மற்றவர்கள் மேல் போடுகிறான்' என்று எழுதச் சொன்னார் பாம்கார்ட். எழுதினேன்.

அடுத்து நாற்பது கெஜ ஓட்டம். அரை டிரவுசருடன், யாருமில்லாத மைதானத்தில், முன்னூற்றுப் பன்னிரண்டு பவுண்டும் ஓடியது. ஏழு பேர் கையில் கடிகாரத்துடன் நின்றார்கள். ஏழு விதமான நேரம் வந்தது.

"ஆட்டத்துல இவ்வளவு தூரம் எத்தனை தடவை ஓடியிருக்கே?" என்று பாம்கார்ட் கேட்டார்.

லவெல் மூச்சு வாங்கிக்கொண்டே யோசித்தான். "ஒரே தடவை சார். எங்க பந்தை அவங்க பறிச்சுட்டு ஓடுனப்ப. நான் அவ்ளோ தூரம் ஓடுறேன்னா எங்க ஆட்டத்துல ஏதோ பெரிய தப்பு நடந்துபோச்சுன்னு அர்த்தம்."

அதையும் எழுதச் சொன்னார். 'தோல்வி மனப்பான்மை.'

அன்று தேநீர் இடைவேளையில் நான் பாம்கார்ட்டிடம், அவனுடைய ஆட்டங்கள் முழுவதும் தயாராக இருக்கின்றன, ஆயிரத்து நூறு தடுப்புகள், பார்க்கிறீர்களா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கோரா, இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க. படத்துல என்ன தெரியும்? அவன் எப்படி ஆடுறான்னு தெரியும். அவ்வளவுதானே?"

மூன்றாம் நாள் நேர்காணல். நீள மேசையின் ஒரு பக்கம் பதினொரு பேர், மறுபக்கம் லவெல். அவனுக்குப் போட்டிருந்த நாற்காலி அவனுக்குப் பாதி. நடுவில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் பொது மேலாளர் ஹால்வர்சன். அவர் எந்தப் பையனையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அணியில் எடுக்கும்வரை பெயர் சொன்னால் பாசம் வந்துவிடும் என்பார். எடுத்த பிறகும் சொல்லி நான் கேட்டதில்லை.

"பையா, ஏன் ஜூலையில வந்தே?"

"எங்க துறையை மூடிட்டாங்க சார்."

"மத்த பசங்க துறையை மூடலையே?"

"அவங்க வேற துறை சார்."

"அப்ப மூடப்போற துறையா பார்த்துச் சேர்ந்திருக்கே. அந்த முடிவை எடுத்தது யாரு?"

லவெல் பதினொரு முகங்களையும் ஒருமுறை பார்த்தான். "நான்தான் சார்."

பதினொரு பேனாக்களும் அசைந்தன.

மனநிலைக் கேள்விகளும் இருந்தன. அவற்றைத் தயாரிக்க வெளியூரிலிருந்து நிபுணர் வந்து ஐந்து நாள் தங்கியிருந்தார். பாம்கார்ட் தாளைப் பார்த்து வாசித்தார். "வெள்ளம் வருது. உன் அம்மாவும் அணியோட ஆட்டத் திட்டப் புத்தகமும் தண்ணியில மிதக்குது. எதைப் பிடிப்ப?"

"வெள்ளம் வந்துச்சு சார்" என்றான் லவெல். "நான் எட்டாவது படிக்கிறப்ப. ஃப்ரிட்ஜைப் பிடிச்சேன்."

"ஃப்ரிட்ஜா?"

"அம்மா ஃப்ரிட்ஜ் மேல உக்காந்திருந்தாங்க சார்."

யாரும் சிரிக்கவில்லை. விடைத்தாளில் ஃப்ரிட்ஜுக்கு இடமில்லாததால் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் விழுந்தது.

இதற்கிடையில் குண விசாரணைக்காக ரான்ஸ்டெல் பெத்தி ஷெனியருக்குப் போயிருந்தார். இவர் முன்னாள் போலீஸ்காரர். பதினெட்டு வருடத்தில் அவர் வெறுங்கையோடு திரும்பியதே இல்லை. ஒரு பையன் ஆறு வயதில் பக்கத்து வீட்டு முயலைத் திறந்துவிட்டதைக்கூடக் கண்டுபிடித்திருக்கிறார். இந்த முறை நான்கு நாள் சுற்றினார். பள்ளிக்கூடத்துக்குப் போனார், தேவாலயத்துக்குப் போனார், இறால் படகுத் துறைக்குப் போனார், லவெலைக் காதலித்து விட்டுவிட்டுப் போன பெண்ணைக்கூடப் பார்த்தார். அந்தப் பெண், "நல்லவன்தான். ரொம்ப நல்லவன். அதான் விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டாள். லவெலின் அம்மா எர்லீன் அவருக்குக் கம்போ என்ற இறால் குழம்பை ஊற்றிக் கொடுத்து, காலியானதும் மறுபடி ஊற்றினாள். அவர் கொண்டுவந்த அறிக்கையில் ஒரே ஒரு வரி இருந்தது: 'தாயார் விசாரணை அதிகாரியை இருமுறை உணவால் வளைக்க முயன்றார்.'

ஹால்வர்சன் அந்த ஒற்றைத் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"இருபத்தாறு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். திருடனைப் பார்த்திருக்கேன், குடிகாரனைப் பார்த்திருக்கேன், கல்யாணத்தன்னைக்குக் காணாமப் போனவனைப் பார்த்திருக்கேன். எல்லாரையும் எடுத்திருக்கேன், ஏன்னா என்ன வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்குனோம். இவன்கிட்ட என்ன இருக்குன்னே தெரியல. ஜூலையில வர்றவன்கிட்ட ஏதாவது இருந்தே ஆகணும். இல்லாட்டி ஏன் ஜூலையில வர்றான்? இவ்வளவு திறமையா மறைக்கிறவனை நம்பி நாளைக்கு எப்படி ஆட்டத்துல நிறுத்துறது?"

"எனக்குத் தூக்கமே வரல சார்" என்றார் ரான்ஸ்டெல். நிஜமாகவே கண் சிவந்திருந்தது.

இறுதி நேர்காணலை மறுநாளுக்கு வைத்தார்கள். அதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். பத்தொன்பது வருடத்தில் அப்படிச் செய்ததில்லை.

லவெல் தாழ்வாரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நேராக நின்று, "குட் மார்னிங் மிஸ் கோரா" என்றான். அந்தக் கட்டடத்தில் எனக்கு வணக்கம் சொன்னவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

"லவெல், நான் சொல்றதைக் கேளு. அவங்க உன்கிட்ட ஒரு தப்பைத் தேடுறாங்க. கிடைக்கலைன்னா விட மாட்டாங்க. ஏதாவது சின்னதா ஒண்ணு சொல்லிடு."

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"பண்ணாட்டி என்னப்பா? ஏதோ சின்ன வயசுல, தெரியாமப் பண்ணிட்டேன், திருந்திட்டேன்னு சொல்லு. திருந்துனவங்கன்னா இவங்களுக்கு உயிரு."

அவன் காகிதக் குவளையைக் கசக்காமல் மெதுவாகக் குப்பைக்கூடையில் வைத்தான். "பொய் சொல்லணுமா மிஸ் கோரா?"

"நீ இந்த அணியில ஆடணுமா வேண்டாமா?"

அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. ஆட வேண்டும் என்பதைத் தவிர அந்த முகத்தில் வேறொன்றும் இல்லை.

மறுநாள் பதினொரு பேர் முன்னால் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சார், ஒரு விஷயம் சொல்லணும். பதினாலு வயசுல பக்கத்து வீட்டு மிஸ்டர் ஃபோன்டனோவோட புல்வெட்டும் மெஷினைத் திருடிட்டேன்."

அறையில் காற்று வந்ததுபோல் இருந்தது. பாம்கார்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரான்ஸ்டெல் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். ஹால்வர்சன் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, லவெலின் தோளில் கை வைத்தார். எட்டவில்லை, முழங்கைக்கு மேல் வைத்தார்.

"பையா, இதுக்குத்தான் காத்திருந்தோம். யாருகிட்டதான் தப்பில்ல? எங்க அணி இரண்டாவது வாய்ப்பு கொடுக்குற அணி. முதல் வாய்ப்பு கொடுக்குறதுல எங்களுக்கு அவ்வளவு அனுபவமில்ல. இரண்டாவதுன்னா எங்களை அடிச்சுக்க ஆளில்ல."

அன்று மாலைக்குள் ஆறாவது சுற்றுக்கு அவனைக் கேட்கும் மின்னஞ்சலை என்னையே தட்டச்சு செய்யச் சொன்னார்கள். செய்தேன். அனுப்பும் பொத்தானை மட்டும் இன்னும் அழுத்தவில்லை. எர்லீனுக்கு லவெல் ஃபோன் பண்ணிச் சொன்னான் என்றும், அவள் தேவாலயத்தில் நாற்பது பேருக்கு மீன் வறுத்துப் போட்டாள் என்றும் பிறகு தெரிந்தது.

ஆனால் ஹெரான்ஸ் முறையாக நடக்கும் அணி. ஒப்புக்கொண்ட குற்றத்தையும் சரிபார்க்க வேண்டும் என்று விதி. ரான்ஸ்டெல் மறுபடியும் பெத்தி ஷெனியருக்குப் போனார். மிஸ்டர் ஃபோன்டனோவுக்கு எண்பத்தொரு வயது. ஒலிப்பதிவைக் கூட்டத்தில் போட்டுக் காட்டினார்கள்.

"திருடுனானா? லவெலா?" என்றது கிழவரின் குரல். "யப்பா, அந்த மெஷினை எவனாவது திருடித் தொலைக்கட்டும்னு ஏழு வருஷமா வாசல்லயே போட்டு வெச்சிருக்கேன். இதோ, இப்பவும் கிடக்கு பாரு. ஓடாது. அந்தப் பையன்தான் சனிக்கிழமை சனிக்கிழமை அவன் வீட்டு மெஷினைத் தள்ளிக்கிட்டு வந்து வெட்டிட்டுப் போவான். ஒரு லெமனேட் குடிச்சுட்டுப் போடான்னாலும் நிக்க மாட்டான். யாருய்யா நீ? போன வாரமும் வந்தியே?"

ஒலிப்பதிவு நின்றது. பாம்கார்ட்தான் ஆரம்பித்தார்.

"ஆக, பொய் சொல்றான்."

"நம்ம மூஞ்சிக்கு நேரா" என்றார் ரான்ஸ்டெல். அவர் முகம் இரண்டு வாரத்தில் முதல்முறையாகத் தெளிந்திருந்தது. "இதைத்தான் சார் அப்பவே மோப்பம் பிடிச்சேன். ஏதோ இருக்குன்னு சொன்னேன்ல?"

"திருடலைங்கிறதை மறைச்சிருக்கான்" என்றார் ஹால்வர்சன். "திருடியிருந்தா மன்னிச்சிருப்பேன். இதை எப்படி மன்னிக்கிறது?"

நான் விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்தேன். கூட்டத்தில் நான் பேசியதே இல்லை என்பதால் முதலில் அது என் குரல் என்று எனக்கே பிடிபடவில்லை.

"நான்தான் சார் அவனை அப்படிச் சொல்லச் சொன்னேன்."

பதினொரு பேரும் திரும்பினார்கள்.

"நீங்க ஒரு குறையைத் தேடுறீங்க, கிடைக்காம எடுக்க மாட்டீங்கன்னு நான்தான் சொன்னேன். அவனுக்குப் பொய்யே வராது. முகத்தைப் பார்த்தா தெரியலையா? தப்பு என்னோடது. என்னை வேலையை விட்டு எடுங்க. அவனை எடுத்துக்குங்க."

ஹால்வர்சன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் நல்ல மனிதர். என்மேல் கோபப்படவேயில்லை.

"கோரா, நீங்க சொன்னதும் அப்படியே செஞ்சிட்டானா?"

"ஆமா சார்."

"தாழ்வாரத்துல யாரோ ஒருத்தங்க ஏதோ சொன்னா, உடனே?"

எனக்கு அப்போதுதான் நான் செய்தது புரிந்தது.

"எழுதிக்குங்க" என்றார் அவர், மிகவும் அன்பாக. "யார் எது சொன்னாலும் கேட்கிற பலவீனமான குணம். அதுக்கு மேல பொய். ரெண்டு குறை. ஒண்ணு இருந்தா எடுத்திருக்கலாம்."

நான் எழுதினேன். அந்த மின்னஞ்சலை அழிக்கச் சொன்னார்கள். அழித்தேன். இதையெல்லாம் செய்யாமல் எழுந்து வெளியே போயிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

துணை டிராஃப்ட் ஒரு புதன்கிழமை பகல் ஒரு மணிக்கு ஆரம்பித்து ஒன்று ஐந்துக்கு முடிந்தது. எந்த அணியும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் கூட்ட அறையில் கேக் வெட்டினார்கள். ஹால்வர்சன் பேசினார். "இன்னைக்கு நாம ஒரு ஆறாவது சுற்றைக் காப்பாத்தியிருக்கோம். ஒண்ணும் செய்யாம இருக்குறதுக்கு எவ்வளவு உழைப்பு தேவைன்னு வெளியில இருக்குறவங்களுக்குப் புரியாது." எல்லோரும் கைதட்டினார்கள். காப்பாற்றிய ஆறாவது சுற்றை வைத்து அடுத்த ஏப்ரலில் ஒருவனை எடுத்தார்கள். அவன் இரண்டாம் நாள் பயிற்சியிலேயே, இந்த வெயில் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி தன் குளிர் ஊரான மினசோட்டாவுக்குத் திரும்பிவிட்டான். அந்தப் பருவத்தில் எங்கள் பந்தெறிபவன் அறுபத்து மூன்று முறை சாய்க்கப்பட்டான். அறுபத்து நான்காவது முறை தோள் எலும்பு போய்விட்டது.

யாரும் எடுக்காத பையனை எந்த அணி வேண்டுமானாலும் நேராகக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் விதியில் இருக்கிறது. லவெல் எல்லா அணிகளுக்கும் ஃபோன் செய்தான். எல்லா இடத்திலும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "யாருமே எடுக்கலையாமே, ஏன்?" இரண்டாவதாகக் கேட்டது: "ஏதோ புல்வெட்டும் மெஷின் விவகாரமாமே?" திருடினான் என்று பாதி அணிகளும், திருடாமல் ஏமாற்றினான் என்று மீதி அணிகளும் கேள்விப்பட்டிருந்தன.

அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில், லீக்கிலிருந்து எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. துணை டிராஃப்டில் பங்கேற்றவர்களுக்கு மதிப்பீட்டு அனுபவம் எப்படி இருந்தது என்று ஃபோனில் கேட்டு, மதிப்பெண்ணைப் பதிவு செய்ய வேண்டுமாம். கேட்கும் வேலை என்னிடம் வந்தது. மூன்று நாள் தள்ளிப்போட்டுவிட்டு நான்காம் நாள் பகலில் கூப்பிட்டேன். பின்னால் பெரிய இயந்திரச் சத்தம் கேட்டது. அரிசி ஆலையில் சேர்ந்திருக்கிறான், மூட்டை ஏற்றும் பகுதியில்.

"மிஸ் கோரா! நல்லா இருக்கீங்களா? இருங்க, வெளியில வந்துடறேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். ஃபோனை எடுப்பதற்கு முன் நான்கைந்து வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை.

"அட, விடுங்க. நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. அம்மாவும் அதான் சொல்றாங்க. உங்களை ஒரு நாள் சாப்பிட வரச் சொன்னாங்க" என்றான். எதற்குக் கூப்பிட்டேன் என்று கேட்டான். சொன்னேன்.

ஆலைக் கதவை அவன் இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சரி, கேளுங்க."

"அளவெடுத்த முறை எப்படி இருந்துச்சு? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள."

"பத்து."

"நேர்காணல்ல மரியாதையா நடத்துனாங்களா?"

"பத்து."

"லவெல், உண்மையைச் சொல்லுப்பா. இதுல உன் பேர் வராது."

"பேர் வராதுன்னு அவங்கதானே சொல்றாங்க? குறைச்சுப் போட்டா, ஏதாவது ஒரு டீம் கூப்பிட யோசிக்கிறப்ப, இவன் குறை சொல்றவன்னு யாராவது சொல்லுவாங்க. பத்தே போடுங்க மிஸ் கோரா."

முதல் பதினான்கு கேள்விகளுக்கும் பத்து போட்டேன். கடைசிக் கேள்வியை நான் முன்கூட்டிப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. வாசிக்க ஆரம்பித்த பிறகு நிறுத்தவும் முடியவில்லை.

"அடுத்த வருஷத் துணை டிராஃப்ட்ல மறுபடியும் பங்கேற்க விரும்புறீங்களா?"

"முடியுமா?" என்றான். குரல் சட்டென்று மாறியிருந்தது. "மறுபடியும் வரலாமா மிஸ் கோரா?"

"இல்லப்பா. ஆளுக்கு ஒரு தடவைதான். விதி அப்படி."

"அப்ப ஏன் கேக்குறாங்க?"

"தெரியல."

யாரோ அவனை உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று கத்தினான். பிறகு ஃபோனை வாயருகே கொண்டுவந்து, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் சொன்னான்.

"விரும்புறேன்னு போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன்.